இரகசியக் காப்பும் பாராளுமன்றக் குழுக்களும்



தேசப் பாதுகாப்பின் பெயரால் அரசாங்கம் மறைத்து வைக்கும் விஷயங்களைப் பாராளுமன்றக் குழுக்கள் எம்மட்டும் விசாரிக்கலாம் என்று ஆராயும் இக்கருத்தரங்கைக் கூட்டுவதற்குப் பெங்களூரைவிடத் தகுந்த நகரம் இல்லை. 1940-இல் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் சமஸ்தானத்தின் ஆதரவோடு தொடங்கிய விமானத் தொழிற்சாலையும், 1954-இல் தோன்றிய பாரத் எலெக்ட்ரானிக்ஸும், அவற்றை அடுத்து எழுந்த ராடார், விமான ஆராய்ச்சிச்சாலைகளும் இந்நகரின் நிலத்தில் ஒரு பெரும் பகுதியை மதில் சூழ்ந்ததாக ஆக்கிவிட்டன. மதிலை ஒட்டிய சாலையில் நாள்தோறும் பேருந்தில் போகிறவர்களுடைய வரிப்பணம் உள்ளே செலவாகிறது, எதற்கென்று அவர்கள் அறியார்.

அறிய வேண்டுவதில்லை என்பாரும் உண்டு. அவர்களுக்குச் சி.வி. இராமன் நகரில் உருவான காவேரி எஞ்சினின் சரித்திரத்தைச் சொல்ல விரும்புகிறேன். தேஜஸ் விமானத்துக்கென்று 1989-இல் ஏறத்தாழ 383 கோடி ரூபாய்க்கு அனுமதி பெற்று, 1996-க்குள் முடிந்திருக்க வேண்டிய அந்த எஞ்சின், மதிப்பீடு 2,839 கோடியாக உயர்ந்த பின்னும் வேண்டிய உந்துவிசையை எட்டாமற் போகவே, 2008-இல் தேஜஸ் திட்டத்திலிருந்தே பிரிக்கப்பட்டது. (காவேரியின் பெயரால் கன்னடரும் தமிழரும் சச்சரவின்றி ஒருங்கே ஏமாந்த சந்தர்ப்பம் இது ஒன்றாகவே இருக்கலாம்.) இவ்விவரங்களைத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் அச்சிட்டுப் பாராளுமன்றத்தின் முன் வைத்தார், அதனால் எந்த அந்நிய தேசமும் நம் எஞ்சினின் சூட்சுமம் ஒன்றையேனும் கற்றுக்கொண்டதாக நான் கேள்விப்படவில்லை. எஞ்சினை எப்படிச் செய்வது என்பது இரகசியம். ஏன் இன்னும் செய்து முடிக்கவில்லை என்பது இரகசியமன்று.

இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? இதுவே நம் முன் உள்ள வினா என்பது என் அபிப்பிராயம். மக்களவையின் நடைமுறை விதி 270, ஆட்களையும் ஆவணங்களையும் வரவழைக்கும் உரிமையைக் குழுக்களுக்கு வழங்கிவிட்டு, ஓர் ஆவணம் விசாரணைக்குப் பொருத்தமானதா என்ற ஐயம் எழுந்தால் சபாநாயகரின் தீர்ப்பே முடிவு என்று கூறுகிறது. ஆனால் அடுத்த வாசகத்திலேயே, அரசின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ ஊறு நேரும் என்ற காரணத்தைக் காட்டி அரசாங்கம் ஆவணத்தைத் தர மறுக்கலாம் என்றும் விதிக்கிறது. அங்கே சபாநாயகரைக் காணோம். மறுப்பவரும் நீதிபதியும் ஒருவரே ஆகிவிடுகிறார்.

ரபேல் விமான விவகாரத்தில் இதன் பலனைக் கண்டோம். விமானங்களின் விலையைத் தணிக்கையர் ஆராய்ந்துவிட்டார் என்றும், அவரது அறிக்கையைப் பொதுக் கணக்குக் குழு பரிசீலித்துவிட்டது என்றும் 2018 டிசம்பர் 14-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் குறிப்பிட்டபோது, இதே கர்நாடகத்தைச் சேர்ந்தவரும் அக்குழுவின் தலைவருமான மல்லிகார்ஜுன் கார்கே அப்படியோர் அறிக்கை தம் குழுவுக்கு வந்ததேயில்லை என்றார். நீதிமன்றத்துக்குத் தாங்கள் அளித்த குறிப்பு தவறாகப் பொருள் கொள்ளப்பட்டது என்று அரசாங்கம் மறுநாளே திருத்தம் கோரி மனுச் செய்தது. 2019 பிப்ரவரியில் அறிக்கை வெளிவந்தபோது விலைகள் அதில் மறைக்கப்பட்டிருந்தன. அரசாங்கத்தின் வாதம் சரியா தவறா என்பதை நான் இங்கே தீர்க்க வரவில்லை. மூடிய கதவுக்குள் கூடுவதும், அறிக்கை சபையில் வைக்கப்படும்வரை சாட்சியத்தை வெளியிடாததுமான ஒரு குழுவின் தலைவர், தாம் எதைப் பார்த்தார் என்பதை நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து அறிய நேர்ந்ததே விசித்திரம்.

குழுக்களின் பலவீனத்துக்கு விதி மட்டும் காரணமன்று. 1967-இல் எம்.ஆர். மசானி பொதுக் கணக்குக் குழுவின் தலைவரானது முதல் எதிர்க்கட்சியாரே அதனை நடத்துவது மரபாயிற்று, நம் இரா. செழியனும் அவ்வாசனத்தில் அமர்ந்தவர். பாதுகாப்புத் துறைக்குரிய நிலைக்குழுவுக்கோ அம்மரபு இல்லை. ராணுவத் தளவாடங்களில் நூற்றுக்கு 68 பங்கு பழம் பொருள்கள் என்று 2018 மார்ச்சில் அறிக்கை அளித்த அக்குழுவின் தலைவர், ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரலும் ஆளுங்கட்சியினருமாகிய பி.சி. கந்தூரி, செப்டம்பரில் குழு மாற்றியமைக்கப்பட்டபோது அப்பதவியில் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை கலைந்து கூடும் குழுவில் எவரும் நிபுணத்துவம் பெறுவது அரிது. பெற்றவர் நிலைப்பது அதனினும் அரிது.

உளவு நிறுவனங்களைப் பற்றி விரிவாகச் சொல்லத் தேவையில்லை. அமெரிக்க செனட் 1976-இலும் பிரிட்டன் 1994-இலும் அவற்றுக்கெனக் கண்காணிப்புக் குழுக்களை அமைத்துக்கொண்டன. பிரிட்டனில் உறுப்பினர்கள் இரகசியக் காப்புச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டே ஆவணங்களைப் பார்க்கிறார்கள். இங்கே 2010-இல் குடியரசுத் துணைத் தலைவராயிருந்த ஹமீத் அன்சாரி அத்தகைய நிலைக்குழு வேண்டுமென்று பகிரங்கமாகவே கூறினார். மறு ஆண்டு மக்களவை உறுப்பினர் மணீஷ் திவாரி தனிநபர் மசோதா கொண்டுவந்தார். இரண்டும் அத்தோடு நின்றன.

எம்.பி.க்கள் வாய்காவாதவர்கள் என்ற ஆட்சேபம் இங்கும் எழும் என்று அறிவேன். அப்படியாயின் பிரிட்டிஷ் முறைப்படி அவர்களையும் சட்டத்தால் கட்டுவோம். விதி 270-இன் இரண்டாம் வாசகத்திலும் சபாநாயகரை நுழைத்து, அரசாங்கம் மறுக்கும் ஆவணத்தை அவர் தனியறையில் படித்துத் தீர்ப்புச் சொல்லட்டும் என்பது என் யோசனை. ஆளுங்கட்சியால் தேர்ந்தெடுக்கப்படும் சபாநாயகரிடம் இதனை நம்பி ஒப்படைக்கலாமா என்று நண்பர்கள் கேட்பார்கள். அக்கேள்விக்கு என்னிடம் பூரணமான விடை இல்லையாதலின், முதல் அமர்வின் கட்டுரையாளர்கள் அதிலிருந்தே தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.