சருகுத் தீயும் நெல்லிக் கணக்கும்



யாருடைய நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ அந்தத் தோழர், எந்த நூலைக் கையில் எடுத்தாலும் அதில் யார் பேசுகிறார்கள், யார் பேசப்படுகிறார்கள் என்று பார்க்கச் சொல்லித் தந்தவர். அந்தப் பார்வையோடு இன்று ஒரு காட்டை வாசிக்கலாம் என்று நினைக்கிறோம்.

சத்தியமங்கலம் மலைகளுக்கு வடக்கே, கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது பிலிகிரிரங்கன் மலை. ஏறக்குறைய 540 சதுர கிலோமீட்டர் காடு. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்கள் சோளகர்கள். நம் பக்கத்துத் தாளவாடி, பர்கூர் மலைகளிலும் அதே மக்கள் இருக்கிறார்கள். ‘சோளகர் தொட்டி’ நாவலைப் படித்தவர்களுக்கு அவர்கள் அந்நியர் அல்லர்.

அந்த மலையில் முன்பெல்லாம் தை, மாசி மாதங்களில் சோளகர்கள் காட்டுக்குத் தீ வைப்பார்கள். அதற்கு ‘தரகு பெங்கி’ என்று பெயர். சருகுத் தீ என்று பொருள். கடும் கோடை வருவதற்கு முன்பே வைப்பதால் தீ தரையோடு ஊர்ந்து போகும். சருகையும் இளம் புதரையும் எரித்துவிட்டு அணைந்துவிடும். பெரிய மரங்கள் தப்பிக்கும். மழை வந்ததும் புல் துளிர்க்கும்.

1974இல் அந்தக் காடு வனவிலங்கு சரணாலயம் ஆனது. இடம் மாற்றிச் செய்த விவசாயம் நின்றது. உள்காட்டில் இருந்த குடும்பங்கள் வேறிடங்களில் குடியமர்த்தப்பட்டன. சரணாலயத்துக்குள் தீ வைப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவுப்படி குற்றம். ஒரு மக்களின் காடு வளர்ப்பு முறை ஒரே நாளில் குற்றச்செயல் ஆனது.

பிறகு என்ன நடந்தது? ஆங்கிலேயர் அழகுச் செடியாகக் கொண்டுவந்த உண்ணிச்செடி காடெங்கும் மண்டியது. நெல்லி மரங்களைப் புல்லுருவி பிடித்தது. மக்கள் அளவுக்கு மீறிப் பறிக்கிறார்கள், அதனால்தான் நெல்லி அழிகிறது என்பது வெளியிலிருந்து வந்த விளக்கம். தீயை நிறுத்தியதால்தான் உண்ணியும் புல்லுருவியும் பெருகின என்பது சோளகர்களின் விளக்கம். முன்னது அறிவியல் என்று ஏற்கப்பட்டது. பின்னது படிக்காதவர்களின் சாக்கு என்று தள்ளப்பட்டது.

பெங்களூரைச் சேர்ந்த ஏட்ரீ என்ற ஆய்வு நிறுவனத்தார் அந்தக் காட்டில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறார்கள். 1997இல் பார்த்த இடங்களையே 2008இல் மறுபடியும் பார்த்தபோது, உண்ணி இருந்த இடங்கள் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தன. புல்லுருவி பிடித்த நெல்லி குறைவாகக் காய்ப்பதும் எண்ணிக்கையில் தெரிந்தது. சோளகர்களின் பேச்சைச் சாக்கு என்று இனி ஒதுக்கிவிட முடியவில்லை. அது சோதித்துப் பார்க்கத் தக்க கருத்து என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்படியானால் நாளைக்கே தீ வைத்துவிடலாமா? முடியாது. பழைய தீ, உண்ணி மண்டாத காட்டுக்கு உரியது. இன்று ஆளுயரத்துக்கு உண்ணி நிற்கும் இடத்தில் தீ வைத்தால் அது தரையோடு போகாது, புதரைப் பிடித்து மரத்தின் மேல் ஏறும். எந்தப் பகுதியில் முதலில் உண்ணியை வெட்டுவது, எங்கே சிறு பரப்பில் எரித்துப் பார்ப்பது, எரித்த இடத்திலும் எரிக்காத இடத்திலும் என்ன முளைக்கிறது என்று ஆண்டுதோறும் எண்ணுவது, இவையெல்லாம் அறிவியலின் வேலை. எந்தக் காற்றில், எந்த ஈரத்தில், எந்தச் சரிவிலிருந்து தீ வைப்பது என்பது சோளக முதியவர்களின் அறிவு. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் காடு கருகும்.

நெல்லியிலும் இப்படித்தான். சந்தை அவசரத்தில் பிஞ்சில் பறிப்பதும் கிளையோடு வெட்டுவதும் மரத்துக்குக் கேடு. பழங்குடி மக்கள் செய்வதெல்லாம் சரி என்று சொல்வது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. பறிப்பவர்களே ஆய்வாளர்களோடு மரங்களைப் பார்த்து, விளைச்சலை முன்கூட்டி மதிப்பிட்டு, எவ்வளவு விட்டுவைப்பது என்று பேசும் முறை அங்கே உருவானது. ஆனால் 2006இல் விற்பனைக்காகப் பறிப்பதே அங்கு தடை செய்யப்பட்டது. பறிப்பே இல்லையென்றால் பறிப்பவர்களின் கணக்குக்கு எங்கே இடம்?

நாங்கள் சொல்ல வந்தது இதுதான். இரண்டு அறிவுகளை இணைப்பது என்று மாநாடுகளில் எளிதாகப் பேசுகிறார்கள். ஒருவர் கையில் முடிவெடுக்கும் அதிகாரம், மற்றவர் கையில் தகவல் மட்டும் என்றால் அது இணைப்பு ஆகாது. கூலிக்கு வழிகாட்டுவதாகவே முடியும்.

இது நமக்குப் புதிதா? தோலின் தன்மை தெரிந்தவர், மண்ணின் ஈரம் தெரிந்தவர், ஏரி மடையின் ஓட்டம் தெரிந்தவர் நம் தாத்தாக்கள். அந்த வேலை இழிவு என்று எழுதப்பட்டதால் அந்த அறிவு அறிவாகவே எண்ணப்படவில்லை. உழைப்பவர்களை அடுக்கி வைத்த சாதி, அறிவையும் அடுக்கித்தான் வைத்தது.

சோளகர்கள் அந்த அடுக்கை அசைத்த விதத்தைப் பாருங்கள். குலந்தோறும் அவர்களுக்கு ஒரு நிலப்பரப்பு உண்டு. அதன் பெயர் ‘எல்லெ’. நம் ‘எல்லை’யேதான். தேவரு, மாரம்மா, வீரு, கல்லுகுடி, அப்பி என்று தெய்வ இடங்களும் முன்னோர் கல்லும் நீரூற்றும் அதற்குள் அடங்கும். ஆய்வாளர்களோடு சேர்ந்து நடந்து, ஜி.பி.எஸ். கருவியால் அந்த இடங்களை வரைபடமாக்கினார்கள். 2011 ஜனவரியில் காடு புலிகள் காப்பகம் ஆனது. அதே ஆண்டு அக்டோபரில், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி 25 கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. காட்டைக் காக்கவும் மேலாண்மை செய்யவும் உரிமை உண்டு என்கிறது அந்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவு.

உரிமைப் பத்திரம் வந்தது. சருகுத் தீ இன்னும் குற்றம்தான். அதை வைக்கத் தெரிந்தவர்களுக்கு வயதாகிறது. செய்யாத வேலையைப் பேரப்பிள்ளைகள் எப்படிக் கற்பார்கள்?

மாணவ நண்பர்களே, உங்களில் சிலர் நாளை ஆய்வாளர் ஆவீர்கள். மலைக்குப் போகும்போது கேள்வித்தாளோடு மட்டும் போகாதீர்கள். எதைக் கேட்பது என்பதையும் அந்த மக்களோடு உட்கார்ந்து தீர்மானியுங்கள். அவர்கள் பெயரைத் தகவல் தந்தவர் பட்டியலில் வைக்காமல், எழுதியவர் வரிசையில் வையுங்கள். முடிவை அவர்கள் மொழியில் கிராம சபையில் முதலில் படியுங்கள். அவர்கள் மறுத்தால் அந்த மறுப்பையும் எழுதுங்கள்.

பழங்குடி மக்களுக்காகப் பேசும் தகுதி எங்களுக்கு இருப்பதாக நாங்கள் எண்ணவில்லை. அவர்கள் பேசும்போது பக்கத்தில் நிற்கும் கடமை இருக்கிறது. தோழரின் நினைவுக்கு நாங்கள் தரும் உறுதி அதுவே.

ஜெய்பீம்.