மொட்டைக் கடிதமும் நம் சங்கமும்

(திருமழபாடியில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலியைப் பற்றியோ கொள்ளிடத்து மணலைப் பற்றியோ பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதற்கு இன்னொரு நாள் இருக்கிறது. இன்று மொட்டைக் கடிதத்தைப் பற்றிப் பேசியாக வேண்டியிருக்கிறது. ஏன் என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் தெரியாதது போல உட்கார்ந்திருக்கிறீர்கள். (சிரிப்பு)

பெயரை மறைத்து எழுதுவது கோழைத்தனம் என்று சொல்லுகிற பெரிய மனிதர்கள் உண்டு. "தைரியம் இருந்தா பேரைப் போட்டு எழுதேன்டா" என்பார்கள். அவர்களுக்கென்ன, சொல்வார்கள்! நம் ஊர் வைத்தியநாதர் கோயில் சுவரைப் பாருங்கள். இராசராசன் காலத்தில் கோயிலை எடுத்துக் கட்ட உத்தரவானபோது, பழைய சாசனங்கள் அழிந்துவிடக் கூடாது என்று புத்தகத்தில் எழுதி வைத்து, இராசேந்திரன் காலத்தில் மறுபடியும் கல்லில் வெட்டினார்கள். நிலம் கொடுத்தவர் பெயர், விளக்குக்குப் பொன் கொடுத்தவர் பெயர் எல்லாம் ஆயிரம் ஆண்டாக நிற்கின்றன. அந்தக் கல்லை இழுத்து வந்தவன் பெயர் எங்கே? உள்ளவன் பெயரை எழுதினால் அவனுக்குப் புகழ். கூலிக்காரன் பெயரை எழுதினால் அது போலீஸ் ஸ்டேஷன் ரிஜிஸ்டரில்தான் போய் உட்காருகிறது. ஆகவே பெயரை மறைக்கிற ஏழையைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம்.

ரகசிய வாக்கு என்பது என்ன? பெயர் சொல்லாமல் அபிப்பிராயம் சொல்லுகிற உரிமைதானே! 1951-52இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் ஒவ்வொரு அபேட்சகருக்கும் சின்னம் ஒட்டிய தனித்தனிப் பெட்டி வைத்தார்கள். மறைப்புக்குப் பின்னால் போய்ப் பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரலாம். பண்ணையார் கேட்டால், "நீங்க சொன்ன பெட்டியிலதாங்க போட்டேன்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம். அந்த மறைப்பு இல்லாவிட்டால் பண்ணையாளுக்கு ஏது வாக்கு?

பெயர் வெளிப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தூரத்துச் சம்பவம் ஒன்று சொல்லுகிறோம். சத்யேந்திர துபே என்று ஓர் இளம் எஞ்சினீயர். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் வேலை, ஜார்க்கண்டில் கோடர்மா பக்கம். சாலைக் கான்டிராக்டுகளில் நடந்த முறைகேடுகளைப் பற்றி 2002இல் பிரதமர் அலுவலகத்துக்கே எழுதினார். கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் மொட்டைக் கடிதம் என்று குப்பைக் கூடையில் போட்டுவிடுவார்களே! அதற்காகத் தாம் யார் என்ற விவரத்தைத் தனித் தாளில் எழுதி இணைத்து, அதை ரகசியமாக வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். இதைவிட ஒழுங்காக ஒரு மனிதர் எப்படி எழுத முடியும்? கடிதமும் தாளும் சேர்ந்தே மேசைக்கு மேசை போயின. 2003 நவம்பர் 27ஆம் தேதி விடியுமுன் கயா நகரத் தெருவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வழிப்பறிக் கொலை என்று சி.பி.ஐ. சொல்லிற்று. 2010இல் மூன்று பேருக்குத் தண்டனையும் ஆயிற்று. எப்படியிருந்தாலும், ரகசியமாக வையுங்கள் என்று கேட்ட பெயரை ஊர் சுற்ற விட்டவர்கள் அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

நாடே கொதித்த பிறகு, 2004இல் சர்க்கார் ஓர் ஏற்பாடு செய்தது. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்குப் பெயரோடு எழுதலாம், ஆணையம் பெயரை வெளியே விடக் கூடாது என்று. 2014இல் இதற்கென்றே பார்லிமெண்டில் ஒரு சட்டமும் நிறைவேறிற்று. நிறைவேறியதோடு சரி. இத்தனை ஆண்டாகியும் அதை அமலுக்குக் கொண்டுவரவில்லை!

இது ஒரு புறமிருக்க, பெயரை மறைத்தால் ஆபத்து போய்விடும் என்றும் நினைக்காதீர்கள். அது வேறு ஒருவர் தலையில் இறங்கலாம். பாரதியார் ஷெல்லிதாஸன், காளிதாஸன் என்றெல்லாம் புனைபெயரில் எழுதியவர். அவர் எழுத்தால் அனல் பறந்த 'இந்தியா' பத்திரிகையில் சட்டப்படி பதிவான பெயர் மு. சீனிவாசன் என்பவருடையது. 1908இல் வெள்ளைக்காரன் வழக்குப் போட்டபோது சீனிவாசனுக்கு ஐந்தாண்டுச் சிறை. நண்பர்கள் சொல்லைக் கேட்டுப் பாரதியார் புதுச்சேரிக்குப் போனார். பாரதியாரைக் குறை சொல்லவில்லை. அவர் உள்ளே போயிருந்தால் நமக்குத்தான் நஷ்டம். ஆனால் அந்தச் சீனிவாசனை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, பெயரைப் போட்டு எழுதிவிட்டால் மட்டும் எல்லாம் யோக்கியமாகிவிடுமா? லட்சுமிகாந்தன் கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சென்னையில் 'சினிமா தூது' என்றும், பிறகு 'இந்து நேசன்' என்றும் பத்திரிகை நடத்தியவர். நடிகர் நடிகையர் வீட்டு அந்தரங்கம்தான் அவருடைய சரக்கு. எழுதாமலிருக்க ஒரு தொகை என்று வசூலும் நடந்தது. பகிரங்கமாக நடத்திய பத்திரிகைதான் அது! 1944 நவம்பரில் அவரை வேப்பேரியில் கத்தியால் குத்தினார்கள்; மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் அந்த வழக்கில் தண்டிக்கப்பட்டு, 1947இல் விடுதலையாகும் வரை சிறையில் கிடந்தார்கள். ஒரு உயிர் போயிற்று, பலருடைய வாழ்வு பாழாயிற்று. ஊரெல்லாம் பத்திரிகையைத் திட்டிக்கொண்டே காசு கொடுத்து வாங்கிப் படித்தது. வாங்கிப் படித்தவர்கள் பேரில் யாரும் வழக்குப் போடவில்லை.

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். சென்ற மாதம் சங்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது. "இப்படிக்கு, உண்மை விளம்பி." முதல் பக்கத்தில், சந்தா வசூலில் இரண்டு மாதக் கணக்கு இடிக்கிறது என்று தேதி போட்டு எழுதியிருந்தது. பின்பக்கத்தில் நம் பொருளாளர் வீட்டுப் பெண்ணைப் பற்றி எழுதியிருந்தது. ஒரே மை, ஒரே கை. எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்கச் சில தோழர்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூட நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு எழுத்தை ஒத்துப் பார்த்தார்களாம். இன்னும் சிலர் பின்பக்கத்தை மனப்பாடம் செய்து ஷிப்டு முடிந்து வருகிறவர்களிடமெல்லாம் ஒப்பித்தார்களாம். முன்பக்கத்தை அப்படி மனப்பாடம் செய்தவர் ஒருவரும் இல்லை!

நோட்டுப் பார்க்கிற வேலை இன்றோடு நிற்க வேண்டும். ஆலை நிர்வாகம் அதைச் செய்தால் பழிவாங்கல் என்று கோஷம் போடுகிறோம். நாமே செய்தால் அதற்கு என்ன பெயர்? கணக்குக் கேட்டவர் பயந்து பெயரை மறைத்தார் என்றால், நம் சங்கத்தில் பெயர் சொல்லிக் கணக்குக் கேட்க முடியவில்லை என்றுதானே அர்த்தம்! எழுதியவரைத் தேடுவதற்கு முன் அந்தப் பயம் எப்படி வந்தது என்று தேடுவோம்.

பின்பக்கத்துக்கு வேறு நியாயம். நம் பழந்தமிழ் இலக்கணத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. போரையும் கொடையையும் பாடும் புறப்பாட்டில் இன்னார் என்று பெயர் சொல்லலாம். காதலையும் குடும்பத்தையும் பாடும் அகப்பாட்டில் ஒருவரையும் பெயர் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியம் விதித்திருக்கிறது. சங்கத்துக் கணக்கு புறம். ஒரு பெண் யாரோடு பேசினாள் என்பது அகம். அதைப் பெயர் சொல்லி எழுதியவரும், சுமந்து திரிந்தவரும் ஒரே தராசுதான். பெயரை மறைத்துக்கொண்டு பெயரை மறைக்க வழியில்லாதவள் மேல் எறிகிற கல் அது. அவள் நாளைக்கும் இதே தெருவில்தான் தண்ணீர் எடுக்கப் போக வேண்டும்.

ஆனால் வேலையிடத்தில் மேஸ்திரியோ சூப்பர்வைசரோ ஒரு பெண்ணிடம் முறைகேடாக நடந்தால் அது அகம் என்று மூடி வைக்காதீர்கள், தாய்மார்களே! அதற்கு 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமானால் மாவட்ட அளவிலுள்ள கமிட்டிக்கு எழுதலாம். மூன்று மாதத்துக்குள் எழுத வேண்டும். புகாரில் பெயர் இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெயரைப் பத்திரிகையிலோ வெளியிலோ விடக் கூடாது என்று சட்டமே சொல்லுகிறது.

நம் சங்கத்திலும் அப்படியே செய்யலாம் என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. பெயரை வெளியே சொல்ல அஞ்சுகிறவர், ஆலைப் பக்கத்தில் ஒருவர், வயல் பக்கத்தில் ஒரு அம்மா, இவர்களில் தமக்கு நம்பிக்கையானவரிடம் மட்டும் சொன்னால் போதும். அவர்கள் பெயரைச் செயலாளரிடமும் சொல்ல மாட்டார்கள். இன்ன நாள், இன்ன இடம், இவ்வளவு தொகை என்று விஷயம் இருக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பதில் சொல்ல அவகாசம் கொடுப்போம். சாதியைச் சொல்லியோ வீட்டுப் பெண்களைச் சொல்லியோ வரும் வரிகளைக் கமிட்டியில் வாசிப்பதில்லை. அதற்காக மற்ற வரிகளைத் தள்ளிவிடவும் மாட்டோம். பெயரே இல்லாமல் வந்தாலும், விசாரிக்கத் தக்க விவரம் இருந்தால் விசாரிப்போம்.

வந்த கடிதத்தின் பின்பக்கத்தை அடுப்பில் போட்டாயிற்று. முன்பக்கத்தை நகல் எடுத்து வைத்திருக்கிறோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி முதல் சந்தா நோட்டும் ரசீதுக் கட்டும் சங்கக் கொட்டகையில் மேசைமேல் இருக்கும். யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். பொருளாளர் தோழர் அந்த நேரத்தில் அங்கே இருக்க மாட்டார். அவரே அப்படிக் கேட்டுக்கொண்டார். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொல்ல இரண்டு பேரை ஏற்பாடு செய்திருக்கிறோம். கடிதம் எழுதியவரும் பத்தோடு பதினொன்றாக வந்து பார்த்துவிட்டுப் போகலாம். யாரும் முகத்தைப் பார்க்க மாட்டோம்.