கடைத்தெருவில் வெடிமருந்து

தீபாவளியன்று பட்டாசு வெடிக்க இரண்டு மணி நேரம்தான் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் அது காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்றானது. நேரம் தவறி வெடித்தவர்கள்மீது காவல்துறை வழக்குப் போட்டது. வெடித்தவனைத் தேடிப் பிடித்த அரசு, விற்கும் இடத்தை ஏன் பார்க்கவில்லை? அதைத்தான் இந்த மேடையில் கேட்கிறேன்.

சட்டத்தில் குறையில்லை. 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி, நிரந்தரப் பட்டாசுக் கடை தரைத்தளத்தில் இருக்க வேண்டும். அதன் மேல்மாடியில் குடியிருப்பு கூடாது. எளிதில் தீப்பற்றும் பொருளைச் சேமிக்கும் இடத்திலிருந்து 15 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். நடந்தது என்ன? 2021 அக்டோபரில் சங்கராபுரத்தில் கடை எரிந்தபோது, பக்கத்து பேக்கரியின் சிலிண்டர்களும் சேர்ந்து வெடித்தன. 2023 ஜூலையில் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் நடந்த பட்டாசுக் கடை விபத்தில் 9 பேர் செத்தார்கள். அப்போது தீபாவளிக்கு மூன்று மாதத்துக்கு மேல் இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில், ஓசூரை அடுத்த கர்நாடகத்து அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடைத் தீயில் கருகியவர்களில் பெரும்பாலோர் கூலி வேலைக்குப் போன நம் இளைஞர்கள். கிருஷ்ணகிரியில் முதலில் வெடித்தது பட்டாசா, ஓட்டல் சிலிண்டரா என்று வாதாடினார்கள். எது முதலில் வெடித்திருந்தால் என்ன? இரண்டையும் அடுத்தடுத்து இருக்க விட்டது யார்?

வெடிபொருள் விதிகள் மத்திய அரசுடையவை என்று மாநில அரசு கைகழுவ முடியாது. சில்லறைக் கடைக்கு உரிமம் தருவது மாவட்ட நிர்வாகம். தடையின்மைச் சான்று தருவது தீயணைப்புத் துறை. இரண்டும் கோட்டைக்குக் கட்டுப்பட்டவை.

பட்டாசுக் கடைகளைக் கடைத்தெருவை விட்டு வெளியேற்றினால் வியாபாரம் படுத்துவிடும், சிவகாசியின் பிழைப்பில் மண் விழும் என்கிறார்கள். அந்தக் கவலை நியாயமானது. அதை நான் தள்ளவில்லை. ஆனால் சென்னைத் தீவுத்திடலில் கடை போட்டு விற்றால் சனங்கள் தேடிப் போய் வாங்குகிறார்களே! ஒவ்வொரு நகராட்சியும் அப்படி ஒரு மைதானத்தைக் குறைந்த வாடகைக்கு ஒதுக்கட்டும். சிவகாசித் தொழிலாளிக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருவது கடைத்தெருவில் நடக்கும் இந்த விதிமீறல்தான். ஒவ்வொரு விபத்தும் முழுத் தடை கேட்பவர்களின் கையைத்தான் வலுப்படுத்துகிறது.

எந்தக் கடைக்கு உரிமம், எத்தனை கிலோவுக்கு உரிமம் என்ற பட்டியலை நகராட்சி வாசலில் ஒட்டச் சொல்லுங்கள். ஐப்பசியில் மட்டுமல்ல, ஆண்டு முழுவதும் சோதனை கேளுங்கள். உங்கள் தெருவில் அந்த 15 மீட்டர் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். இல்லையென்றால் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள்.