பழைய சிம்மைக் கழற்றாதீர்கள்



தாம்பரத்தில் ரயில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அதற்கடுத்தது திரிசூலம். இறங்கி சுரங்கப்பாதையில் ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்தால் விமான நிலையம். இவ்வளவு பக்கத்தில் இருப்பதாலோ என்னவோ, சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், முடிச்சூர் என்று எந்தப் பக்கம் போனாலும், மகள் பிரசவத்துக்கு நியூஜெர்சி போன அம்மாவோ, பேரனைப் பார்க்க சிங்கப்பூர் போன தாத்தாவோ தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்.

இந்த வீடுகளில் பயண ஏற்பாடு எப்படி நடக்கும் என்று பார்த்திருப்பீர்கள். வடகம், நார்த்தங்காய், பருப்புப்பொடி எல்லாம் தனித்தனிப் பொட்டலம். பெட்டியைத் தூக்கித் தூக்கித் தராசில் வைப்பது. 23 கிலோவுக்கு மேல் நூறு கிராம் ஏறினாலும் ஒரு விவாதம். கைபேசியைப் பற்றி மட்டும் பேச்சே இருக்காது. கேட்டால், "அங்க போய் ஒரு சிம் வாங்கிக்கலாம், பையன் பாத்துப்பான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

பையன் பார்த்துக்கொள்ளத்தான் செய்வான். காரில் ஏறியதுமே அப்பாவின் போனை வாங்கி, இந்திய சிம்மைக் கழற்றி, உள்ளூர் சிம்மைப் போட்டுக் கொடுத்துவிடுவான். கழற்றிய சிம் ஒரு துண்டுக் காகிதத்தில் மடிக்கப்பட்டு அம்மாவின் பர்ஸுக்குள் போகும். பெரும்பாலான தொல்லை அந்தக் காகிதத்தில்தான் ஆரம்பிக்கிறது.

ஏனென்றால் நம் பத்து இலக்க எண் இப்போது பேசுவதற்கு மட்டும் உள்ளதல்ல. வங்கி நம்மை அடையாளம் காண்பது அந்த எண்ணை வைத்துத்தான். வைப்புத்தொகையைப் புதுப்பிக்க வேண்டுமா, ஆதாரில் ஏதாவது பார்க்க வேண்டுமா, மேல்மாடி வாடகைக்காரர் போட்ட பணம் வந்ததா என்று இணைய வங்கிக்குள் நுழைய வேண்டுமா, எல்லாவற்றுக்கும் ஓடிபி. தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் ரயில்வே, விமானப்படை, தபால் துறை என்று ஓய்வூதியக்காரர்கள் நிறைய. நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழ் தர வேண்டும். ஜீவன் பிரமாண் செயலி வந்தபிறகு, கைபேசி கேமராவில் முகத்தைக் காட்டியே அதைக் கொடுத்துவிடலாம், வங்கிக் கிளையில் போய் நிற்க வேண்டாம். ஆனால் அந்தச் செயலியும் ஓடிபி அனுப்பும். ஓடிபி வரும்போது சிம் பர்ஸில் மடித்துக் கிடந்தால் என்ன பயன்?

ஒரு செய்தி நம்மை எப்படித் தேடி வருகிறது என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுலபமாக விளங்கும். வங்கி அனுப்பும் எஸ்எம்எஸ், முதலில் நம் ஊர் கைபேசி நிறுவனத்தின் பதிவேட்டைக் கேட்கும்: இந்த சிம் இப்போது எங்கே இருக்கிறது? சிங்கப்பூரில் இன்ன நிறுவனத்தின் வலையமைப்பில் பதிவாகியிருக்கிறது என்று பதில் வந்தால், செய்தி அங்கே போய்ச் சேரும். எங்கேயும் பதிவாகவில்லை என்றால் காத்துக்கிடக்கும். ஓடிபிக்கு ஆயுள் சில நிமிடம். ஆகவே இந்திய சிம் போனுக்குள் இருக்க வேண்டும், அதில் சர்வதேச ரோமிங் வசதி இயக்கப்பட்டிருக்க வேண்டும். அதைக் கிளம்புவதற்கு முன்பே, நிறுவனத்தின் செயலியிலோ கடையிலோ செய்துகொள்ளுங்கள். அங்கே போனபின் இயக்கப் பார்த்தால் அதற்கும் ஒரு ஓடிபி கேட்டு வம்பு பண்ணும். வெளிநாட்டில் எஸ்எம்எஸ் வாங்குவதற்கு நம் நிறுவனங்கள் பொதுவாகக் காசு பிடிப்பதில்லை. அழைப்பை எடுத்துப் பேசினாலும், டேட்டா ஓடினாலும்தான் காசு.

அடுத்தது ரீசார்ஜ். 28 நாள் பேக் போட்டுவிட்டு ஆறு மாதப் பயணம் கிளம்புகிறவர்கள் உண்டு. செல்லுபடி முடிந்தால் முதலில் நாம் பேசுவது நிற்கும், பிறகு நமக்கு வருவதும் நிற்கும். தொண்ணூறு நாள் எந்தப் பயன்பாடும் இல்லையென்றால் எண்ணையே எடுத்துக்கொள்ளலாம் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு இன்னொரு 30 நாள் விட்டுவைப்பார்கள். அது எண் பறிபோகாமல் காக்கும். ஓடிபி வருமா என்பது வேறு கதை.

இதற்கு ஒரு நல்ல வழி வந்திருக்கிறது, பலருக்கு இன்னும் தெரியவில்லை. டேட்டா வேண்டாதவர்களுக்குக் குரலும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டது. அதன் செல்லுபடி 365 நாள் வரை இருக்கலாம் என்றும் சொன்னது. 2025 ஜனவரியிலிருந்து அவை கிடைக்கின்றன. பட்டன் போன் வைத்திருப்பவர்களை நினைத்துக் கொண்டுவந்த ஏற்பாடு, மகன் வீட்டுக்குப் போகும் பெற்றோருக்கும் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது.

இன்னொன்று. போகிற நேரத்தில் சிம் பழசாகிவிட்டதே என்று புது சிம் மாற்றாதீர்கள், இ-சிம்மாகவும் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) மாற்றாதீர்கள். சிம் மாற்றினால் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் போகவும் போகாது, வரவும் வராது. மோசடிக்காரர்களைத் தடுக்க 2022-இல் தொலைத்தொடர்புத் துறை கொண்டுவந்த பாதுகாப்பு அது. நல்ல விதிதான், ஆனால் விமானம் ஏறும் நாளில் நமக்கே எதிராக வேலை செய்யும். மாற்றத்தான் வேண்டும் என்றால் பயணத்துக்குச் சில வாரம் முன்பே மாற்றிவிடுங்கள்.

சரி, இந்திய சிம் உள்ளேயே இருந்தால் உள்ளூர் சிம் எங்கே போகும்? நம் ஊரில் விற்கும் பெரும்பாலான ஸ்மார்ட்போன்களில் இரண்டு சிம்முக்கு இடம் இருக்கிறது. முதலாவதில் இந்திய எண், இரண்டாவதில் வெளிநாட்டு ப்ரீபெய்டு. அமைப்புகளில் டேட்டாவுக்கு இரண்டாவது சிம்மைத் தேர்ந்தெடுத்துவிட்டு, இந்திய சிம்மில் 'டேட்டா ரோமிங்' அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புது சிம் போட்டதும் "எண்ணை மாற்றிவிடவா" என்று வாட்ஸ்அப் ஆசையாகக் கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பழைய எண்ணிலேயே அது நன்றாக ஓடும், ஊரில் இருப்பவர்களுக்கும் குழப்பம் இருக்காது.

உள்ளூர் சிம் வாங்குவது பெரிய வித்தை இல்லை. சிங்கப்பூரிலும் இலங்கையின் கட்டுநாயக்கா விமான நிலையத்திலும் கடவுச்சீட்டைக் காட்டினால் வருகைக் கூடத்திலேயே சிம் கிடைக்கும். சிங்கப்பூரில் ஒருவர் பெயரில் மூன்று ப்ரீபெய்டு சிம்முக்கு மேல் தரமாட்டார்கள். அமெரிக்காவில் அடையாளச் சான்று கேட்கும் சட்டமே இல்லை, பல்பொருள் அங்காடியில் சோப்பு எடுக்கும் வரிசையில் சிம்மும் தொங்கும். துபாய் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம், ஆனால் அழைத்துப் பேச முடியாது. அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலி இரு பக்கமும் வேண்டும். ஷார்ஜாவில் இறங்கிய மகன் அழைக்கவில்லையே என்று பம்மலில் அம்மா கலங்காமல் இருக்க, அதை இங்கேயே இருவர் போனிலும் ஏற்றிவைத்துக்கொள்வது நல்லது.

இதுவரை சொன்ன எல்லாமே ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. போன் பூட்டில்லாததாக இருக்க வேண்டும். திரைப் பூட்டைச் சொல்லவில்லை, நிறுவனப் பூட்டைச் சொல்கிறேன். ஒவ்வொரு சிம்முக்குள்ளும் ஒரு நீண்ட எண் உண்டு. அதன் முதல் மூன்று இலக்கம் நாட்டைக் குறிக்கும்: இந்தியாவுக்கு 404, 405, சிங்கப்பூருக்கு 525, இலங்கைக்கு 413. அடுத்த இலக்கங்கள் நிறுவனத்தைக் குறிக்கும். பூட்டிய போன் அந்த இலக்கங்களைப் படித்துப் பார்த்து, தன் நிறுவனம் இல்லையென்றால் சிம்மை ஏற்க மறுத்துவிடும்.

நமக்கு இந்தப் பூட்டு அவ்வளவு பழக்கமில்லை. ஏனென்றால் நாம் போனை முழுக் காசு கொடுத்துத் தனியாக வாங்குகிறோம், சிம்மைத் தனியாக வாங்குகிறோம். இடையிடையே சில விதிவிலக்குகள் வந்துபோயின. 2003-இல் ரிலையன்ஸ் 501 ரூபாய்க்கு வீதிவீதியாகக் கொடுத்த போன், வேறு எந்த நிறுவனத்துக்கும் மாற்ற முடியாதது. 2008-இல் முதன்முதலாக இங்கே வந்த ஐபோனும் ஏர்டெல், வோடபோன் பூட்டுடன்தான் வந்தது. 2017-இல் வந்த ஜியோபோன் ஜியோ சிம்மைத் தவிர எதையும் தொடாது. பாட்டி அந்தப் போனை எடுத்துக்கொண்டு கோலாலம்பூர் போனால் உள்ளூர் சிம் போட வழியில்லை.

இப்போதெல்லாம் பூட்டு நம் வீட்டுக்கு வருவது வேறு வழியில். ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் செய்கிறார்கள். தாம்பரத்திலிருந்து பேருந்தில் போய் வரும் தூரம்தான். 2025 ஜூன் காலாண்டில் அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் பெரும்பகுதி இந்தியாவில் செய்தவையாக இருக்கும் என்று ஆப்பிளின் டிம் குக்கே சொன்னார். அமெரிக்க இறக்குமதி வரி பயத்தில் நம் மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து சரக்கு விமானம் விமானமாக அவை பறந்தன. அங்கே போனதும் ஒரு நிறுவனம் அதைத் தவணையில் விற்று, தவணை தீரும்வரை பூட்டிவைக்கிறது. ஒன்றிரண்டு வருடம் கழித்து மகன் புதுப் போன் வாங்குகிறான், பழையது அப்பாவுக்கு அன்பளிப்பாக வருகிறது. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த போன் உலகைச் சுற்றி மேற்குத் தாம்பரம் வந்து சேர்ந்து, நம் ஊர் சிம்மைப் பார்த்து "நீ யார்?" என்கிறது.

சண்முகம் சாலைக் கடையில் அந்தப் போனை நீட்டிப் பாருங்கள். கடைப் பையன் சிம் ஊசியைக் கையில் எடுத்து, விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவிவிட்டு, "சார், அமெரிக்கா செட்டா? ட்ரேயே இல்ல பாருங்க" என்பான். 2022-இல் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்பவற்றில் சிம் போடும் துளையே கிடையாது, இ-சிம் மட்டும்தான். பூட்டு இல்லையென்றால் நம் நிறுவனங்களிடம் இ-சிம் வாங்கிக்கொள்ளலாம். பூட்டு இருந்தால் இங்கே யாராலும் ஒழுங்காகத் திறக்க முடியாது. துளையுள்ள பழைய மாடல்களுக்கு, சிம்மோடு சேர்த்து வைக்கும் மெல்லிய சில்லு ஒன்றை சென்னை ரிச்சி தெருப் பக்கம் காட்டுவார்கள். அடுத்த மென்பொருள் புதுப்பிப்பு வரும்வரை வேலை செய்யும். நான் அதை யாருக்கும் சொல்லமாட்டேன்.

ஆகவே மகனிடம் கேட்க வேண்டிய கேள்வி, "தவணை முடிஞ்சுதாப்பா? நிறுவனத்துல சொல்லித் திறந்தாச்சா?" என்பது. ஐபோன் என்றால் அமைப்புகளில் 'அபௌட்' பக்கத்தில் 'கேரியர் லாக்' என்ற வரியைப் பார்க்கச் சொல்லுங்கள், சிம் கட்டுப்பாடு இல்லை என்று இருக்க வேண்டும். கனடாவில் 2017 டிசம்பரிலிருந்தும் பிரிட்டனில் 2021 டிசம்பரிலிருந்தும் பூட்டிய போனை விற்கவே கூடாது. அங்கிருந்து வரும் புதுப் போனைப் பற்றிக் கவலையில்லை.

பட்டன் போன்தான் வசதி என்று இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. பூட்டு இல்லாவிட்டாலும் பழைய 2ஜி போன் பல நாடுகளில் இப்போது வெறும் கடிகாரம்தான். சிங்கப்பூர் 2017-லேயே 2ஜியை மூடிவிட்டது. ஆஸ்திரேலியா 2024 அக்டோபரில் 3ஜியையும் மூடியது. அவசர எண்ணான 000-வை 4ஜியில் அழைக்க முடியாத போன்களை அங்கே வலையமைப்பிலேயே சேர்ப்பதில்லை.

வெளிநாட்டு சிம்மை இ-சிம்மாக இங்கேயே வாங்கிப் போக நினைப்பவர்கள், வீட்டு வைஃபையில் அமைதியாக உட்கார்ந்து முதல் நாளே ஏற்றிக்கொள்ளுங்கள். அதை இறக்க இணையம் வேண்டும், கியூஆர் குறியைக் காட்ட இன்னொரு திரை வேண்டும். ஏற்றியபின் தவறிப்போய் அழித்துவிட்டால் பெரும்பாலும் அதே குறி மறுபடி வேலை செய்யாது.

திரும்பி வந்தபின் அந்த வெளிநாட்டு எண் சில மாதங்களில் காலாவதியாகி, வேறு யாருக்காவது விற்கப்பட்டுவிடும். அதனால் அங்கே இருக்கும்போது வங்கிக்கோ மின்னஞ்சல் கணக்குக்கோ அந்த எண்ணைக் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் கிளம்புவதற்கு முன் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் ஓடிபி அங்கே முகம் தெரியாத ஒருவர் போனுக்குப் போய்க்கொண்டிருக்கும்.