மாத்திரையை நிறுத்தச் சொன்னா, மூணு தேதி கேளுங்க!

(கோச்சடை மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிஞ்சவங்க உங்க வீட்டிலோ தெருவிலோ இருக்கலாம். "தினமும் காலையில வெறும் வயித்துல தைராக்சின் மாத்திரை, நிறுத்தவே கூடாது" என்று அவங்களுக்குச் சொல்லியிருப்பாங்க. சில மாசம் கழிச்சு அதே மருத்துவர், "பரிசோதனை இருக்கு, கொஞ்ச நாள் நிறுத்துங்க" என்பார். எதைக் கேட்கிறது என்ற குழப்பம் இங்கேதான் வருது.

தைரோகுளோபுலின் என்ற புரதத்தைத் தைராய்டு செல்கள் மட்டுமே உண்டாக்கும். சுரப்பியை முழுசா எடுத்து, கதிரியக்க அயோடினும் கொடுத்த பிறகு, இரத்தத்தில் அது அநேகமா இருக்கக் கூடாது. ஆனா மாத்திரை சாப்பிடும்போது பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச். ஹார்மோனைக் குறைச்சிடும். அப்போ மிச்சமிருக்கும் செல்கள் அடங்கிக் கிடக்கலாம். டி.எஸ்.எச்.-ஐ உயர்த்தி அந்தச் செல்களைத் தட்டி எழுப்பிப் பார்ப்பதுதான் தூண்டல் பரிசோதனை.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, தைராக்சினை 3 முதல் 4 வாரம் நிறுத்துவது. டி.எஸ்.எச். 30-க்கு மேல் போனதும் இரத்தம் எடுப்பாங்க. அந்த வாரங்களில் அசதி, குளிர், மலச்சிக்கல், முகவீக்கம், மனச்சோர்வு வரலாம். நோய் திரும்பிடுச்சுனு பயப்பட வேண்டாம். ஹார்மோன் குறைவால் வருவது, மாத்திரையைத் தொடர்ந்ததும் படிப்படியாகச் சரியாகும். அசதியா இருக்கும்போது வண்டி ஓட்டாதீங்க. இதய நோய் இருந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க.

இன்னொன்று, செயற்கை டி.எஸ்.எச். ஊசி. அடுத்தடுத்து 2 நாள் ஊசி, 5-ஆம் நாள் இரத்தப் பரிசோதனை. மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. ஆனா விலை அதிகம்.

எல்லோருக்கும் இது தேவையில்லை. நுண்ணிய அளவையும் காட்டும் இன்றைய சோதனைகளில், பலருக்கு மாத்திரையோடவே பார்த்துவிடலாம். தைரோகுளோபுலின் எதிர்ப்புப் பொருளையும் சேர்த்துப் பார்க்கணும். அது இருந்தா முடிவு தவறாகக் குறைவாக வரலாம். மெடுல்லரி வகைப் புற்றுநோய்க்கு இந்தப் பரிசோதனை பொருந்தாது.

நிறுத்தச் சொன்னா மூணு தேதி கேளுங்க: எந்த நாள் நிறுத்தணும், எந்த நாள் இரத்தம் எடுக்கணும், எந்த நாள் திரும்பத் தொடங்கணும். மூணையும் செல்போனில் அலாரமா வையுங்க. மூணாவது தேதியை மறப்பதுதான் பெரிய ஆபத்து. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்னதைக் கேட்டு நீங்களா நிறுத்தாதீங்க.

ஒவ்வொரு அறிக்கையையும் படம் எடுத்து வையுங்க. முடிஞ்சவரை ஒரே ஆய்வகத்தில் பாருங்க. கதிரியக்க அயோடின் ஸ்கேனும் உண்டுனா, உப்பு, மீன், பால் பற்றி மருத்துவமனை சொல்லும் பத்தியத்தைக் கடைப்பிடிங்க. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் கட்டாயம் முதலிலேயே சொல்லணும்.

செலவை நினைச்சுப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீங்க. மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்குப் போகும்போது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையைக் கையோட கொண்டுபோய், உங்க பரிசோதனைக்கு அது பொருந்துமானு அங்கேயே விசாரிங்க. மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம்.

சுரப்பியை எடுத்ததோட வேலை முடியலை. கண்காணிப்பும் சிகிச்சைதான்.