லயமும் கல்வியும்

மாணவர் தேர்வில் பெறும் புள்ளிகளை அவர்தம் அறிவுக்கு மட்டுமே அளவுகோலாகக் கொள்ளுதல் முறையன்று. அவர் எங்கே அமர்ந்து படித்தார் என்பதும் வினவத்தக்கது.

ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான லயக் காம்பராவே பல குடும்பங்களுக்குச் சமையற்கூடமும் படுக்கையறையும் ஆகும். க.பொ.த. சாதாரண தரத்துக்குப் படிக்கும் பிள்ளைக்குப் படிப்பறையும் அதுவே. பெற்றோர் பிரட்டுக்குச் சென்றபின் தம்பி தங்கையரைக் கவனித்துவிட்டு, மழையில் மலைப்பாதை இறங்கிப் பள்ளி சேர்கின்ற பிள்ளைக்கும், கொழும்புப் பிள்ளைக்கும் வினாத்தாள் ஒன்றே, வாய்ப்போ ஒன்றன்று.

இந்நிலை நேற்றுத் தோன்றியதன்று. 1907 ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்ட நிருவாகத்தினரிடம் ஒப்படைத்தது. ஓர் அறையும் ஓர் ஆசிரியருமே பல தோட்டங்களிற் பள்ளியாயின. 1945 இல் நாட்டில் இலவசக் கல்வி மலர்ந்தபோதும் தோட்டப் பள்ளிகள் புறத்தேயே நின்றன. 1970களிலேதான் அவை அரசின் பொறுப்பில் வந்தன. பிந்தித் தொடங்கியவர் பின்தங்கி நிற்பது அவர்தம் குற்றமாகாது.

லயங்கள் மறைந்து தனிவீடுகள் எழுதல் வேண்டும். அதுவரையில், மாலை வேளையிற் பள்ளியின் ஓர் அறையேனும் திறந்திருப்பதாக. அங்கே ஒரு மேசையும், விளக்கும், ஐயந் தீர்க்க ஓர் ஆசிரியரும் இருப்பாராக. அமைதியாய் அமர இடம் பெற்ற பிள்ளையின் புள்ளிகளே அப்பிள்ளையின் அறிவை உள்ளவாறு உரைக்கும்.