மேல்நிலை முதலாமாண்டு: கணக்கில் வராத ஆண்டா?



இத்தகைய விழாக்களில் பரிசு பெறுவோர் பெரும்பாலும் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களே. இவ்விரண்டிற்கும் இடையே ஓர் ஆண்டு இருக்கிறது. அதற்குப் பரிசும் இல்லை, பாராட்டும் இல்லை. பதினொன்றாம் வகுப்பு, அதாவது மேல்நிலை முதலாமாண்டு, அது. போட்டி மிகுந்த கல்லூரிகளில் இடம் பெறுவதற்கு அவ்வாண்டின் படிப்பு எந்த அளவிற்குப் பொருட்படுத்தத் தக்கது என்பதே இவ்வுரையின் பொருள்.

தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டு மேல்நிலைக் கல்வி தொடங்கியது. முதலாமாண்டுத் தேர்வு பள்ளியளவில் நடைபெற்றது; இரண்டாமாண்டின் முடிவிலேயே பொதுத்தேர்வு. பொறியியல் சேர்க்கைக்கான நுழைவுத்தேர்வு நீக்கப்பட்டபின், 2007 முதல் கலந்தாய்வில் ஒரு மாணவரின் இடத்தை முடிவு செய்தது இரண்டாமாண்டு மதிப்பெண் ஒன்றே. கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கணக்கிடப்படும் கட் ஆஃப் மதிப்பெண்ணில் பதினொன்றாம் வகுப்பிற்கு ஒரு துளி இடமும் இல்லை.

இதன் விளைவு யாவரும் அறிந்ததே. பல பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடங்களை ஒதுக்கிவிட்டு, இரண்டு ஆண்டுகளும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தின. மாணவர்கள் வினாவிடைகளை மனப்பாடம் செய்து உயர்ந்த மதிப்பெண்ணும் பெற்றனர். ஆனால் நீட், ஜே.இ.இ. போன்ற அகில இந்தியத் தேர்வுகள் இரண்டு ஆண்டுப் பாடங்களிலிருந்தும் வினா எழுப்புபவை. படிக்காத பாடத்திலிருந்து வந்த வினாக்களின்முன் நம் பிள்ளைகள் திகைத்து நின்றனர்.

இக்குறையைக் களையும் நோக்குடன், 2017-18ஆம் கல்வியாண்டு முதல் பதினொன்றாம் வகுப்பிற்கும் பொதுத்தேர்வு கொணரப்பட்டது. முதலாமாண்டிற்கு 600, இரண்டாமாண்டிற்கு 600, ஆக மொத்தம் 1200 என்பது அப்போதைய ஏற்பாடு. ஆயின், 2018இலேயே அவ்வேற்பாடு மாற்றப்பட்டது. உயர்கல்விச் சேர்க்கைக்கு இரண்டாமாண்டின் 600 மதிப்பெண்களே போதும் என்றும், முதலாமாண்டில் தேர்ச்சி பெறுதல் மட்டும் கட்டாயம் என்றும் ஆயிற்று. “அப்படியானால் தேர்ச்சி பெற்றால் போதும்” என்று பல இல்லங்களில் பெருமூச்சு விட்டனர்.

அந்த நிம்மதி நெடுநாள் நிலைக்கவில்லை. 2021ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்றின் காரணமாகப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டது. தேர்வே நடவாதபோது மதிப்பெண்ணை எங்கிருந்து எடுப்பது? பத்தாம் வகுப்பிலிருந்து 50 விழுக்காடு, பதினொன்றாம் வகுப்பிலிருந்து 20 விழுக்காடு, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறைத் தேர்வு, அக மதிப்பீடு ஆகியவற்றிலிருந்து 30 விழுக்காடு என அரசு வகுத்தது. இனி எவரும் புரட்டப்போவதில்லை என்று பெட்டியில் வைத்திருந்த பழைய மதிப்பெண் பட்டியல்கள் மீண்டும் வெளிவந்தன.

அந்த 20 விழுக்காட்டின் வலிமையை ஒரு சிறு கணக்கால் உணரலாம். மற்ற எல்லாவற்றிலும் சமமான இரு மாணவர்களைக் கருதுக. பதினொன்றாம் வகுப்பில் ஒருவர் மூன்று முதன்மைப் பாடங்களிலும் 95 விழுக்காடு. மற்றவர் 70 விழுக்காடு. வேறுபாடு 25. அதில் ஐந்தில் ஒரு பங்கு, பாடந்தோறும் 5 மதிப்பெண். கட் ஆஃப் கணக்கில் கணிதத்தில் 5, இயற்பியலில் இரண்டரை, வேதியியலில் இரண்டரை, ஆக மொத்தம் 10 மதிப்பெண் இழப்பு. அரை மதிப்பெண்ணில் தரவரிசை சரியும் கலந்தாய்வில் 10 மதிப்பெண் என்பது, விரும்பிய கல்லூரிக்கும் கிடைத்த கல்லூரிக்கும் இடையிலான தொலைவு.

இப்போது சக்கரம் மறுபடியும் சுழன்றிருக்கிறது. 2025 ஆகஸ்டில் வெளியிடப்பட்ட மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி, 2025-26ஆம் கல்வியாண்டு முதல் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டது. பதின்ம வயதுப் பிள்ளைகள் மூன்றாண்டுகள் தொடர்ந்து பொதுத்தேர்வு அச்சத்தில் வாடுவதைத் தவிர்க்கும் நல்ல நோக்கம் அதில் உண்டு, அதனை வரவேற்கலாம். எனினும், பதினொன்றாம் வகுப்பைத் தாண்டிக் குதிக்கும் பழைய வழக்கம் மீண்டும் தலைதூக்குமோ என்னும் கவலையும் உடன் எழுகிறது.

ஆகவே, பெற்றோர் ஒன்றைத் தெளிவாக உணர்தல் வேண்டும். பத்தாண்டுகளுக்குள் அவ்வாண்டின் மதிப்பெண் கணக்கில் சேர்ந்தது, விலகியது, மீண்டும் சேர்ந்தது, மீண்டும் விலகியது. விதி மாறிக்கொண்டே இருக்கும். மாறாதது பாடத்தின் அமைப்பு.

கணிதத்தில் எல்லை, வகையிடல், தொகையிடல் ஆகியவற்றின் தொடக்கம் பதினொன்றாம் வகுப்பில். அவற்றின் பயன்பாடுகளும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் பன்னிரண்டில். இயற்பியலில் விசை, வேலை, ஆற்றல் என்பன முதலாமாண்டில். அவற்றை அறியாதவர் இரண்டாமாண்டில் மின்னழுத்தத்தை மனப்பாடம் செய்யலாமேயன்றி விளங்கிக்கொள்ள இயலாது. உயிரியலில் செரிமானம், சுவாசம், இரத்த ஓட்டம், கழிவுநீக்கம், நரம்பு மண்டலம் எனும் மனித உடற்செயலியல் முழுவதும் பதினொன்றாம் வகுப்புப் பாடமே. மருத்துவராக விரும்பும் மாணவி அப்பகுதியைத் தவிர்த்துவிட்டு நீட் தேர்வை எதிர்கொள்வது எங்ஙனம்? அவ்வாண்டின் மதிப்பெண்ணைக் கலந்தாய்வு கேளாமற் போகலாம். அவ்வாண்டின் அறிவைத் தேர்வுத்தாள் கேட்டே தீரும்.

இன்னொன்றும் சிந்திக்கத் தக்கது. பத்தாம் வகுப்பில் 95 வாங்கிய பிள்ளை, பதினொன்றாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் 55 வாங்கி வந்து நிற்பது புதுமையன்று. பாடத்தின் பரப்பும் ஆழமும் ஒரே கோடை விடுமுறைக்குள் பன்மடங்காகின்றன. தமிழ்வழியில் பயின்று ஆங்கிலவழிக்கு மாறியவர்க்கோ சொல்லும் புதிது, பொருளும் புதிது. அவ்வேளையில், “உன் மூளை இவ்வளவுதானா?” என்று கேட்கும் ஒரு கேள்வி அந்தப் பிள்ளையை ஈராண்டுகளுக்கும் முடக்கிவிடும். குறைந்த மதிப்பெண் தீர்ப்பு அன்று. எங்கே புரியவில்லை என்பதைக் காட்டும் அடையாளம். பொதுத்தேர்வு இல்லாத ஆண்டு, தவறிப் பின் திருத்திக்கொள்ள வாய்ப்பளிக்கும் ஆண்டு. அதனை ஓய்வாகவும் கருதலாகாது, தண்டனையாகவும் ஆக்கலாகாது.

செய்யத்தக்கவை எளியவையே. பெற்றோர், பள்ளியில் சேர்க்கும்போதே, “பதினொன்றாம் வகுப்புப் பாடம் முழுமையாக நடத்தப்படுமா?” என்று கேட்டறிதல் வேண்டும். ஆண்டின் நடுவே பிள்ளையின் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும். எப்பாடம் நடக்கிறது என்பதை அது சொல்லிவிடும். மாணவர்கள், ஒவ்வொரு தேர்விற்குப் பின்னும் விடைத்தாளில் பிழையான கணக்குகளை மீண்டும் ஒருமுறை தாமே செய்து பார்த்தல் வேண்டும்.

அறக்கட்டளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். பன்னிரண்டாம் வகுப்பில் வென்றவர்க்குப் பரிசளிப்பது சிறப்பு. பதினொன்றாம் வகுப்பில் நுழைந்து தடுமாறுபவர்க்கு முதல் மூன்று மாதம் மாலைநேரத்தில் கணிதமும் அறிவியலும் சொல்லித்தர ஓர் ஏற்பாடு செய்வது அதனினும் சிறப்பு. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், கல்லூரியில் பயிலும் அண்ணன்மாரும் அக்காமாரும் நம்மிடையே இருக்கின்றனர். ஓர் அறையும் ஒரு கரும்பலகையும் போதும். தனிப்பயிற்சிக்குப் பணம் செலுத்த இயலாத குடும்பத்துப் பிள்ளை ஒருவர் அவ்வறையிலிருந்து எழுந்து மருத்துவக் கல்லூரிக்கோ பொறியியல் கல்லூரிக்கோ செல்வாராயின், அதுவே இவ்விழாவின் நிறைவான பரிசு.